குறட்டைக் காவல்

எனக்கு நித்திரை வருவதில்லை என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். எங்கள் ஊரில் வைத்தியம் படிக்காதவள் நான் ஒருத்திதான் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. மீன் வெட்டித் தருகிறவர் மல்லித்தண்ணி குடிக்கச் சொன்னார். தபால் கொண்டுவருகிறவர் தலைமாட்டைத் தெற்குக்கு மாற்றச் சொன்னார். காத்தான்குடிக்குத் தலையணை வாங்கப் போனால், கடை முதலாளி, "தங்கச்சி, நித்திரை தலகாணியில இல்ல, மெத்தையிலதான் இரிக்கி" என்று சொல்லி, சொன்னதை நிரூபிக்க ஒரு மெத்தையையும் ஏற்றி அனுப்பிவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த மெத்தையில் என் கணவர் அருமையாக நித்திரை கொண்டார்.

அவருக்கு மெத்தைதான் வேண்டும் என்றில்லை. பிளாஸ்டிக் கதிரை, பேருந்து வாங்குப் பலகை, திருவிழா மேளத்துக்குப் பக்கத்து மணல், கல்யாண வீட்டில் சோற்றுக்கும் பாயசத்துக்கும் இடையிலான சிறு இடைவெளி, எதிலும் கொள்வார். "கள்ளமில்லாத மனசு கா அந்த மனிசனுக்கு. அதான் இருந்த இடத்திலயே கண் மூடுது" என்று என் நாத்தனார் ஊரெல்லாம் பெருமை பேசுவாள். அப்படியானால் விடியும்வரை உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிற என் மனதில் என்ன இருக்கிறதாம் என்று நான் கேட்கவில்லை. கவிதை எழுதுகிறவள் என்பது ஊருக்குத் தெரியும். கள்ளத்துக்கு அதற்குமேல் சான்று எதற்கு?

அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலையில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளை வாவியோரத் தெருவால் மட்டக்களப்பு நகரத்துப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோய்விட்டு, மத்தியானம் திரும்பக் கொண்டுவருவார். வேளாண்மைக் காலத்தில் இன்னொரு வேலையும் உண்டு. வாவிக்கு அந்தப் பக்கம், மண்டூர் வழியில், எங்களுக்கும் சொந்தக்காரருக்குமாக வயல்கள் வரம்போடு வரம்பு ஒட்டிக் கிடக்கும் வட்டை இருக்கிறது. கதிர் தள்ளத் தொடங்கினால் பன்றி வரும். பன்றிக்குப் பின்னால் யானை வரும். வாடி என்கிற காவல் குடிசையில் ஒருவர் படுக்க ஒருவர் விழித்திருப்பது பழைய ஏற்பாடு. என் கணவர் போகத் தொடங்கியபின் அந்த ஏற்பாடு சீர்திருத்தம் கண்டது. அவர் படுத்தால் யாரும் விழித்திருக்கத் தேவையில்லை.

குறட்டை அப்படி. ஈரமணலில் தோணியை இழுப்பதுபோல் தொடங்கும். பிறகு உழவு இயந்திரம் சேற்றில் புதைந்து, உறுமி, ஏறப் பார்த்து, மறுபடி புதையும். அந்த உறுமலின் உச்சியில் சட்டென்று ஒன்றுமே இல்லாமற் போகும். காற்று நிற்கும், வாவி நிற்கும், தவளைகள்கூட மரியாதைக்கு நிற்கும். பிறகு ஒரு வெடிப்போடு உலகம் திரும்பத் தொடங்கும்.

இதற்கு வட்டைக்காரர்கள் கண்டுபிடித்த விளக்கம் இன்னும் அழகு. குறட்டைச் சத்தத்துக்குப் பன்றி கிட்ட வராதாம். நடுவில் நிற்கிறதே, அந்த நேரம் அவர் யானைக்குக் காது கொடுக்கிறாராம். நித்திரையிலும் காது கொடுக்கிற காவற்காரன் எந்த வட்டைக்குக் கிடைப்பான்? ஆகவே தங்கள் முறைகளையெல்லாம் ஒவ்வொருவராக அவருக்கே தாரை வார்த்துவிட்டு, வீட்டில் நிம்மதியாகப் படுத்தார்கள். நானும் சளைத்தவளல்ல. அவர் வீட்டில் படுக்கிற நாட்களில் அந்த அமைதியை விழித்திருந்து கேட்டு, அதைப் பற்றி ஓர் உரைநடைக் கவிதை எழுதினேன். 'இரு அலைகளுக்கு நடுவே கடல் யோசிக்கும் கணம்' என்று அதற்குப் பெயர் வைத்தேன். ஒரு சஞ்சிகையில் வந்தது. நன்றாக இருக்கிறது என்றார்கள்.

என் நித்திரைக்கு மருந்து கேட்டுத்தான் நகரத்து ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போனேன். பிள்ளைகளை இறக்கிவிட்டு மத்தியானம்வரை சும்மா இருப்பவர் என்பதால் அவரும் துணைக்கு வந்தார். வரிசையில் உட்கார்ந்தார். சேட்டுப் பொத்தானைக் கழற்றினார். தலை பின்சுவரில் சாய்ந்ததும் தோணி இழுபடத் தொடங்கியது.

பக்கத்தில் காய்ச்சற் பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒரு பெண் கேட்டாள்: "ஆருக்கு அக்கா வருத்தம்?"

"எனக்குத்தான். நித்திரை வாறல்ல."

அவள் என்னையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். "வராது அக்கா. உங்கட பங்கையும் சேத்து இவரெல்லோ கொள்ளுறார்."

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். அவர் மட்டும்தான் சிரிக்கவில்லை, வேலையில் இருந்தார்.

டொக்டர் என்னைவிட வயதில் குறைந்த பெண். அவரிடம் சொல்வதற்கு நல்ல வசனங்களாகத் தயாரித்து வைத்திருந்தேன். இரவு எனக்கு மூடாத ஒரு வாசல் என்று தொடங்கி, நட்சத்திரங்கள் வரை போகிற திட்டம். வாசலிலேயே டொக்டர் கையை உயர்த்தினார்.

"அது என்ன சத்தம்?"

"வெளியில என்ட அவர் இரிக்கார், டொக்டர். நான் சொல்ல வந்தது..."

"இப்ப நிண்டுட்டே?"

"அது அப்பிடித்தான். யானைக்குக் காது குடுக்கிறார்."

டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், என் உடல்நிலை பற்றிய அக்கறை முதன்முறையாகத் தெரிந்தது. பிறகு எழுந்து கதவடிக்குப் போய் நின்றார். அவர் பார்த்துக்கொண்டு நிற்க, என் கணவரின் நெஞ்சு ஏறப் பார்த்தது, வயிறு இழுத்தது, வாய் திறந்தபடி இருந்தது, காற்று மட்டும் போகவில்லை. பிறகு அந்த வெடிப்பு. காய்ச்சற் பிள்ளை அழுதது.

"இது எவ்வளவு காலமா?"

"கலியாணம் கட்டின காலத்தில இருந்து இரிக்கி. இப்ப இப்பக் கூடியிரிக்கி. நான் இதப் பத்தி ஒரு கவிதையும் எழுதியிரிக்கன்."

"ஒருக்கா நிண்டா எவ்வளவு நேரம் நிக்கிறதெண்டு கவிதையில எழுதினீங்களா?"

எழுதவில்லை. எங்கள் இலக்கியத்தில் இந்தக் குறைபாடு பரவலாக உண்டு.

அவரை எழுப்பி உள்ளே கொண்டுவந்தோம். சட்டை தைக்கிறவர்போல டொக்டர் அவருடைய கழுத்தை நாடாவால் அளந்தார். வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையைப் பார்த்தார். என் பெயரில் எடுத்த துண்டுச் சீட்டில் அவரை விசாரிக்கத் தொடங்கினார்.

"காலமை எழும்பேக்க தலையிடிக்குமா?"

"தேத்தண்ணி குடிச்சாப் போயிடும் டொக்டர்."

"பிரஷர்?"

"அது எங்கட குடும்பத்துச் சொத்து."

"என்ன தொழில்?"

"வேன் ஓடுறன். ஸ்கூல் வேன்."

அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. "ஓடேக்க கண் சொருகினதா?" என்று டொக்டர் கேட்டார்.

"ஒருநாளுமில்ல. ஸ்டியரிங்கில கைய வச்சனெண்டா நித்திரை கிட்டயும் வராது."

டொக்டர் எனக்குப் புரிகிற தமிழில் சொன்னார். நித்திரையில் தொண்டைத் தசை தளர்கிறது. தளர்ந்து மூச்சுப் போகிற வழியை மூடுகிறது. இரத்தத்தில் காற்றுக் குறைய, மூளை பயந்து ஆளை உலுக்குகிறது. தொண்டை திறக்கிறது, மூச்சு வருகிறது. எழும்பினது ஆளுக்கே தெரியாது. மறுபடி படுக்கிறார், மறுபடி மூடுகிறது. இரவு முழுக்க இதே தொழில். இதயத்துக்கும் பிரஷருக்கும் கேடு. அதைவிடப் பகலில் கேடு.

"அவர் நல்லா நித்திரை கொள்ளுறார் எண்டு நீங்க நினைக்கிறீங்க அம்மா. உங்க ரெண்டு பேரிலயும் நித்திரை இல்லாத ஆள் அவர்தான்."

ஐம்பதை நெருங்குகிற வயதில் எனக்கென்று ஊரில் இருந்த ஒரே விசேஷம் நித்திரையின்மை. அதையும் அவர் குறட்டை விட்டே தட்டிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கும் வைத்தியம் சொல்லாமலில்லை. எத்தனை மணிக்குப் படுத்தாலும் ஒரே நேரத்துக்கு எழும்ப வேண்டும், பகலில் சாயக்கூடாது, பின்னேரத்துக்குப் பிறகு தேத்தண்ணி ஆகாது, நித்திரை வராவிட்டால் கட்டிலில் கிடந்து புரளாமல் எழுந்து வேறு இடத்தில் இருக்க வேண்டும், மணிக்கூட்டைப் பார்க்கக்கூடாது. "மாத்திரை?" என்று ஆசையோடு கேட்டேன். "இப்ப வேண்டாம். வீட்டில மாத்திரை கிடந்தாலும் அவருக்குக் குடுத்திடாதீங்க, அவர்ர மூச்சு இன்னும் அடைபடும்" என்றார். பெரிய பட்டம் பெற்றவரிடம் போய், மாத்திரைக்குப் பதிலாக ஒழுக்கத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவரை ஓர் இரவு வீட்டிலேயே சோதிக்கக் கருவி தந்தார்கள். மூக்கில் குழாய், நெஞ்சில் பட்டி, விரலில் கவ்வி. "நல்ல நித்திரை, ஒரு குறையுமில்ல" என்று காலையில் அவர் அறிக்கை விட்டார். கருவி வேறு அறிக்கை வைத்திருந்தது. வெள்ளிக்கிழமை டொக்டர் அதை எங்களுக்கு விரித்துக் காட்டினார். மூச்சு ஓடிய கோடு அடிக்கடி தட்டையாகப் படுத்துக் கிடந்தது. நோய் கடுமையானது என்றார். முகமூடி மாட்டிப் படுக்கிற ஒரு மெஷினைப் பரீட்சைக்கு இரவலாகத் தந்தார். அது காற்றைத் தள்ளித் தள்ளித் தொண்டையை மூடவிடாமல் வைத்திருக்குமாம். கடைசியில் சொன்னதைத்தான் அழுத்திச் சொன்னார்: மெஷின் சரியாக வேலை செய்வதைத் தான் பார்த்துச் சொல்லும்வரை வேனைத் தொடக்கூடாது.

வாசலுக்கு வந்ததும் என் கணவர் சாவியைச் சுழற்றினார். "டொக்டர் நல்ல புள்ள. புத்தகத்தில இரிக்கிறதச் சொல்லுது. அது படிச்ச படிப்பு."

"திங்கக்கிழமைக்கு வேற டிரைவர் பாப்பம்."

"ஸ்கூல் தவணை முடியட்டும். இத்தன வருசம் ஒரு கீறல் விழுந்திரிக்கா என்ட வேனில?"

"விழுந்த பிறகா மெஷின் போடப்போறீங்க?"

"புள்ளயள்ர தாய் தகப்பனுக்கு என்ன சொல்ற? உங்கட வேன்காரனுக்கு நித்திரை வருத்தம் எண்டா? நாளைக்கே ஆள மாத்திடுவானுகள்."

வீடு வரும்வரை தான் விழித்திருப்பதைக் காட்ட இடைவிடாமல் பேசிக்கொண்டு வந்தார். சனிக்கிழமை முழுக்க நான் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டே கதிரையில் நித்திரையானார். திங்கள் காலை அந்தப் பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள். இவர் இப்படியே ஏற்றிக்கொண்டு போவார். எந்த மணிக்கூட்டையும் பார்க்கவேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அந்த இரண்டு நாளும் நான் அதைத் தவிர வேறொன்றும் பார்க்கவில்லை.

ஞாயிறு பின்னேரம் வட்டவிதானையார் வந்தார். வட்டையின் தண்ணீர் முறை, காவல் முறை எல்லாவற்றையும் பார்க்கிறவர். அவரோடு எங்கள் வரம்புக்கு அடுத்த வயற்காரரும் வந்தார். அவருடைய மகள் எங்கள் வேனில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். நோய் விசாரிக்க வந்ததாகச் சொன்னார்கள். மேசையில் இருந்த மெஷினைத்தான் விசாரித்தார்கள்.

வயற்காரர் குழாயைத் தூக்கிப் பார்த்தார். "என்ன மச்சான் இது தும்பிக்கை? யானைக்குக் காவல் போடச் சொன்னா நீங்களே யானையா மாறுறீங்களா?"

வட்டவிதானையார் சிரிக்கவில்லை. பொறுப்புள்ள மனிதர். "இதப் போட்டா சத்தம் வராதாமே புள்ள?"

"வராது மாமா."

"ஒண்டுமே வராதா?"

"காத்துப் போற சத்தம் கொஞ்சம் வரும்."

"காத்துக்குப் பன்றி பயப்படுமா?" அவர் என் கணவர் பக்கம் திரும்பினார். "இஞ்ச பாருங்க மருமகன், கதிர் முத்துற நேரம். வெட்டு முடியட்டும், மறுகா வருத்தத்தப் பாப்பம். இவ்வளவு காலம் கிடந்த வருத்தம், இன்னும் கொஞ்ச நாளைக்குக் கிடக்காதா?"

ஒரு நோயாளியின் சிகிச்சையை எப்போது தொடங்குவது என்பது வட்டைக் கூட்டத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதை மருத்துவக் கல்லூரிகளில் சொல்லிக் கொடுப்பதில்லை போலும். என் கணவரின் முகம் மலர்ந்தது. இரண்டு நாளாக அவர் தேடியது இப்படி ஒரு வைத்தியரைத்தான்.

"மாமா, அவர் யானைக்குக் காது குடுக்கல்ல" என்றேன். "அந்த நேரம் அவர்ர மூச்சு நிண்டு கிடக்கு."

"மூச்சு நிண்டா ஆள் செத்துப்போவானே கா."

"ஓம். அதத்தான் டொக்டரும் சொல்லுறா. மூச்சுக்குப் போராடி ராவெல்லாம் நித்திரை இல்லாம, பகல்ல அவருக்குத் தெரியாமலே கண் மூடுதாம். நாளைக்கு வேன் ஓட வேண்டாமெண்டு சொல்லியிரிக்கா."

"அத ஏன் இப்ப இஞ்ச சொல்ற?" என்று என் கணவர் கதிரையிலிருந்து எழும்பினார்.

வயற்காரருக்கு என்மேல்தான் கோபம். "என்ன மச்சாள் கதைக்கிறீங்க? மச்சான்ர கையில மகளக் குடுத்திட்டு நான் நிம்மதியா வயலுக்குப் போறன். அப்பிடிப் பக்தியான டிரைவர் ஆரு இரிக்கான்? மத்தவனுகள் வாவிக்கரைப் பிள்ளையாரக் கண்டா ஹோர்ன ஒருக்கா அடிச்சிட்டுப் போவானுகள். வேன் மாமா கண்ண மூடிக் கும்பிடுவார் எண்டு மகள் வந்து சொல்லுவாள். கோயில் தாண்டினாலும் விடமாட்டாராம், மதகடி வரைக்கும் கும்பிட்டுக்கொண்டே போவாராம். புள்ளயள் எல்லாம் வாயப் பொத்திக்கொண்டு இரிக்குங்களாம், மாமாட கும்பிடு குழம்பிடுமெண்டு..."

அவர் அந்த வசனத்தை முடிக்கவில்லை.

பிள்ளையார் கோயிலிலிருந்து மதகுவரை தெரு ஒடுங்கி ஓடும். மாரியில் இரண்டு பக்கமும் தண்ணீர். வேலி கிடையாது. எங்கள் எல்லோருக்கும் தெரிந்த தெரு. வட்டவிதானையார் தேத்தண்ணிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோன இடத்திலேயே வைத்திருந்தார். வயற்காரரின் வாய் இன்னும் திறந்திருந்தது. அவர் முடிக்காத அந்த வசனத்துக்குள் அவருடைய மகளும் மற்றப் பிள்ளைகளும், சத்தம் போடாமல், கையால் வாயைப் பொத்திக்கொண்டு, அந்தத் தெருவில் போய்க்கொண்டிருந்தார்கள்.

என் கணவர் மெல்லச் சொன்னார்: "நான் கண்ண மூடிக் கும்பிடுறல்லயே."

வட்டவிதானையார் கோப்பையைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

"வேன் ஓடேக்க ஆரு கண்ண மூடுவான்?" என்று எங்களிடம் கேட்டார். அவருக்கு உண்மையிலேயே பதில் வேண்டியிருந்தது.

பிறகு எழுந்து, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தார். என்னிடம் தரவில்லை. வயற்காரரின் உள்ளங்கையில் வைத்தார். "நீங்களே ஒரு ஆளப் பாருங்க மச்சான்" என்றார். அன்று அவர் கதிரையில் நித்திரை கொள்ளவில்லை. முதற்தடவையாக, நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தார்: வாவிப் பக்கம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்.

மெஷின் வைத்தியம் ஒன்றும் தேனிலவல்ல. முதல் நாட்களில் முகமூடியைக் கழற்றி எறிந்தார். மூக்கில் தழும்பு விழுந்தது. காற்றுக் கசிந்து கண்ணுக்குள் அடித்தது. இரண்டாம் தரம் போனபோது வேறு அளவு முகமூடி தந்தார்கள். ஒரு காலை எழும்பியவர், நெற்றியைத் தடவிப் பார்த்து, ஏதோ களவு போனதுபோல, "தலையிடியக் காணல்லயே" என்றார். அதற்குப் பிறகு பகலில் விழிப்பு வந்தது. விழிப்பு வந்ததும் கறியில் உப்புக் கூடினது, கூரையில் ஓடு விலகினது, என் தம்பி ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வது எல்லாம் அவருக்குத் தெரியவந்தது. ஒரு கல்யாண வீட்டில் முழு நேரமும் கண் திறந்திருந்துவிட்டு, "சொந்தக்காரரெல்லாம் இவ்வளவு நாளும் இதையா கதைச்சாங்க?" என்று கவலைப்பட்டார். மருத்துவத்துக்குப் பக்க விளைவுகள் உண்டு.

வட்டையில் ஆண்கள் பல வருடங்களுக்குப் பிறகு முறைவைத்து விழித்திருந்தார்கள். பன்றி வந்ததற்கும் வராததற்கும் என் மேல்தான் குற்றம் வந்தது.

எனக்கு எழுதிய ஒழுக்கத்தையும் பாதிக்குப் பாதி கடைப்பிடித்தேன். பாதிக்குப் பாதி நித்திரை வந்தது. டொக்டர் இதை முன்னேற்றம் என்கிறார்.

அறுவடை முடிந்த பிறகுதான் அனுமதி கிடைத்தது. மெஷினுக்குள் பதிந்திருந்த இரவுகளை டொக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பகலில் கண் சொருகுகிறதா என்று அவரிடம் கேட்டார். அவர் சொன்னதை நம்பாமல் என்னிடம் கேட்டார். "இனி ஓடலாம். ஆனா மெஷின் போடாமப் படுத்தா அடுத்த நாள் வேன் எடுக்கப்படாது" என்றார். என் கணவர் தலையாட்டினார். வீடு வந்ததும் வேனைக் கழுவினார். கழுவினதையே திரும்பக் கழுவினார்.

திங்கள் காலை நானும் வாசலில் நின்றேன். பிள்ளைகள் வழமைபோல ஓடிவந்து ஏறவில்லை. தாய்மார் புத்தகப் பையைப் பிடித்தபடி நின்றார்கள். எல்லோரும் அவருடைய கண்ணைத்தான் பார்த்தார்கள், நேராகப் பார்க்காத மாதிரி. ஊரே ஒரு கிளினிக்காகி நின்றது. அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கில் கையை வைத்தால் நித்திரை வராது என்று சொன்ன மனிதர், யாருக்கும் எந்த உத்தரவாதமும் கொடுக்கவில்லை.

வயற்காரர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வயலுக்குப் போகிற சாரத்துக்கு மேல், கல்யாண வீட்டுக்குப் போடுகிற சேட்டு.

"நானும் டவுனுக்கு வாறன் மச்சான். ஒரு அலுவல் இரிக்கி" என்றார்.

காலை அந்த நேரத்தில் நகரத்தில் ஒரு அரசாங்கக் கந்தோரும் திறந்திராது என்பது அவருக்கும் தெரியும், என் கணவருக்கும் தெரியும், தாய்மாருக்கும் தெரியும்.

"முன்னுக்கு ஏறுங்க" என்றார் என் கணவர்.

மகள் பின்னால் ஏறினாள். அதைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் ஏறின. வயற்காரர் முன்சீட்டில் சாரத்தை ஒதுக்கிக்கொண்டு, தெருவைப் பார்க்காமல், டிரைவரைப் பார்த்து வசதியாகச் சரிந்து உட்கார்ந்தார்.

என் கணவர் வேனை ஸ்டார்ட் செய்தார். "அலுவல் முடிய நேரம் செல்லுமா?"

"மத்தியானம் வரைக்கும் செல்லும்" என்றார் வயற்காரர். "திரும்பேக்கயும் உங்களோடதான் வருவன்."

"நாளைக்கு?"

"நாளைக்கு வட்டவிதானையாருக்கு ஒரு அலுவலாம்."